அவசரத்துக்கு மட்டும் கைப்பேசியா? கட்டணத்தைவிடத் தேதியைக் கவனியுங்கள்

தனியாக வசிக்கும் மூத்தோர் பலரிடம் அவசரத்துக்கென்றே ஒரு கைப்பேசி இருக்கும். மாதத்தில் ஓரிரு முறைதான் அதை எடுப்பார்கள். மாதந்தோறும் பில் கட்டும் போஸ்ட்பெய்டு திட்டம் இவர்களுக்குத் தேவையில்லை, பிரீபெய்டு போதும். ஆனால், எந்தத் திட்டம் என்பதைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

பலரும் முதலில் கேட்பது, ஒரு நிமிடத்துக்கு எத்தனை சென் என்பதைத்தான். அரிதாகப் பேசுபவருக்கு அது பெரிய விஷயமல்ல. டாப்அப் செய்த பணம் எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதே முதல் கேள்வி. கணக்கில் 20 வெள்ளி இருந்தாலும், தேதி முடிந்துவிட்டால் வெளியே அழைக்க முடியாது. அதன்பின் சில நாள்களுக்கு அழைப்பு வரும், ஆனால் போகாது. அந்த அவகாசமும் கடந்துவிட்டால் எண்ணே ரத்தாகிவிடும். மீதிப் பணமும் போய்விடும். பிறகு அதே எண் வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். வங்கியின் டிஏசி குறுஞ்செய்தி அந்த எண்ணுக்கு வருவதாக இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 வெள்ளிக்கு 10 நாள் கிடைத்தால், ஆண்டு முழுவதும் எண்ணை உயிரோடு வைத்திருக்க சுமார் 365 வெள்ளி ஆகும். அதே 10 வெள்ளிக்கு 30 நாள் கிடைத்தால் சுமார் 120 வெள்ளிதான். ஓராண்டுக்குச் செல்லுபடியாகும் திட்டம் இருக்கிறதா என்றும் கடையில் கேட்டுப் பார்க்கலாம். அடிக்கடி டாப்அப் செய்ய மறந்துவிடுபவருக்கு அதுவே நிம்மதி.

999 அழைப்புக்குக் கட்டணமில்லை. அதனால் கிரெடிட் தேவையில்லை என்று இருந்துவிடக் கூடாது. ஆம்புலன்ஸ் வரும்வரை மகளை, பக்கத்து வீட்டாரை, கிளினிக்கை அழைக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது, கைப்பேசி. மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியில் நிறுத்தப்பட்டது. பழைய 3ஜி கைப்பேசியை நம்பி இருக்காமல், 4ஜி வழியே பேசும் வோல்டி வசதியுள்ளதை வாங்குவது நல்லது. பட்டன் கைப்பேசியிலும் இவ்வசதி உண்டு.

சிம் வாங்குமுன், அக்கம்பக்கத்தாரிடம் எந்த லைன் நன்றாகக் கிடைக்கிறது என்று விசாரிக்க வேண்டும். வாசலில் மட்டும் சிக்னல் இருந்து பயனில்லை. படுக்கையறையிலும் குளியலறைப் பக்கத்திலும் கிடைக்க வேண்டும். தோட்டப்புறங்களில் இது இன்னும் முக்கியம். பழைய எண்ணை மாற்றாமலே வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளவும் முடியும்.

சிம்மைப் பயன்படுத்துபவரின் சொந்த மைகார்டிலேயே பதிவு செய்ய வேண்டும். பேரன் பெயரில் பதிந்தால், சிம் தொலையும்போது மாற்று சிம் வாங்க அவரைத் தேடவேண்டி வரும். டேட்டா தேவையில்லை என்றால் அதை அணைத்துவிட வேண்டும். தானாகப் புதுப்பிக்கும் சந்தாக்களும் வேண்டாம். இரண்டுமே கிரெடிட்டைச் சத்தமில்லாமல் தின்றுவிடும்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் இணைய வங்கி வழியே பெற்றோரின் எண்ணுக்கு டாப்அப் செய்யலாம். முடியும் தேதியை வீட்டு நாள்காட்டியில் பெரிதாக எழுதி வைக்கலாம். மாதத்தின் முதல் நாள் கைப்பேசியை முழுதாகச் சார்ஜ் செய்து, அதிலிருந்து பிள்ளைகளுக்கு ஓர் அழைப்பு விடுவது நல்ல பழக்கம். லைன் வேலை செய்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.