பரணில் இருக்கும் ரேடியோவுக்கு வயது என்ன?

கோட்டைக்குள்ளும் கரமனையிலும் சாலைக் கடைத்தெருவை ஒட்டியும் உள்ள பழைய வீடுகளைக் காலி செய்துவிட்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் போகிறவர்கள் நம்மில் பலர். அப்போது பரணிலிருந்து தவறாமல் இறங்கும் பொருள்களில் ஒன்று மரப்பெட்டி ரேடியோ. தாத்தா வாங்கியது என்பார்கள். எந்த ஆண்டு என்றால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பழம்பொருள் வாங்க வருபவரோ தமக்குச் சாதகமான ஓர் ஆண்டைச் சொல்லி, விலையையும் அவரே சொல்லிவிடுவார். கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்பது அவரவர் விருப்பம். ஆனால் பெட்டியின் வயதை நாமே தெரிந்துகொண்டு முடிவு செய்வது நல்லதல்லவா?

பின்பக்கத்தைத் திருப்பியதும் எல்லோர் கண்ணும் சீரியல் எண்ணுக்குத்தான் போகும். அதைப் பார்த்தே ஆண்டைச் சொல்லிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். என் அனுபவத்தில் அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். சீரியல் எண் என்பது கம்பெனியின் உற்பத்திக் கணக்கில் ஒரு வரிசை எண். அந்தக் கணக்கேடு கையில் இல்லாதவருக்கு அது வெறும் எண்ணே. ஒரே மாடலில் இரண்டு பெட்டிகள் கிடைத்தால் எது முந்தியது, எது பிந்தியது என்று ஊகிக்க உதவும். வேறு மாடலோடு ஒப்பிட்டால் பொருளில்லை.

மாடல் எண் அப்படியல்ல. பிலிப்ஸ் பெட்டிகளில் மாடல் எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 'ஏ' என்றால் ஏ.சி. மின்சாரத்தில் மட்டும் இயங்குவது. 'யு' என்றால் ஏ.சி., டி.சி. இரண்டிலும் இயங்குவது; கல்கத்தா போன்ற ஊர்களில் டி.சி. மின்சாரம் இருந்த காலத்துக்கு ஏற்றது. 'பி' என்றால் பாட்டரி. மின்சாரம் எட்டாத கிராமத்திலிருந்து வந்த பெட்டியில் 'பி' இருந்தால் வியப்பில்லை. அதற்குப் பின் ஒரு சாய்கோடும் இரண்டு இலக்கமும் இருந்தால் அது அந்த மாடலின் உட்பிரிவு. முகம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே மாற்றம் இருக்கலாம்.

தகட்டில் உள்ள கம்பெனிப் பெயரும் சாட்சி சொல்லும். பிலிப்ஸ் கல்கத்தாவில் ரேடியோ செய்யத் தொடங்கியது 1948-ல். புனா அருகே இரண்டாவது தொழிற்சாலை 1959-ல் வந்தது. 'பிலிப்ஸ் எலெக்ட்ரிகல் கம்பெனி (இந்தியா)' என்ற பெயர் 'பிலிப்ஸ் இந்தியா லிமிடெட்' என்று மாறியது 1957-ல். ஆகவே புதுப் பெயர் பொறித்த தகடு 1957-க்கு முந்தியதாக இருக்க முடியாது.

இனி உள்ளே பார்க்க வேண்டும். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்காமல் பின் அட்டையைக் கழற்றவே கூடாது. முக்கியமாக 'யு' ரகத்தில் உள்ளிருக்கும் உலோகச் சட்டமே மின்சாரக் கம்பியோடு நேராக இணைந்திருக்கும், தொட்டால் ஆபத்து. 'பாடுகிறதா பார்ப்போம்' என்று திடீரென்று பிளக்கைச் செருகவும் வேண்டாம். பல ஆண்டு கிடந்த கண்டென்சர்கள் வெடிக்கக்கூடும். தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். வயதைக் கண்டுபிடிக்க ரேடியோ பாட வேண்டிய அவசியமில்லை.

வயதைச் சொல்வதில் வால்வுகளுக்கு நிகர் இல்லை. அடியில் கறுப்பு பேக்கலைட் பீடமும், எட்டு ஊசிகளும், நடுவில் ஒரு தடித்த முளையும் உள்ள வால்வு 1935-ல் அமெரிக்காவில் வந்த ரகம். பீடமே இல்லாத கண்ணாடி வால்வில், பெயரில் உள்ள எண் நாற்பதுகளில் இருந்தால் (யு.எல். 41, யு.சி.எச். 42 போல) அது இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தது. எண்பதுகளில் இருந்தால் ஒன்பது ஊசி ரகம். அது பரவியது 1950-களில். இ.எல். 84 என்ற புகழ்பெற்ற வால்வு 1953-ல் வெளிவந்தது. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ரேடியோ வால்வு செய்யத் தொடங்கியது 1961-ல்.

பிலிப்ஸ், முல்லார்டு வால்வுகளின் கண்ணாடி அடியில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், மங்கலாக இரண்டு வரிகள் தெரியும். 1950-களின் நடுவிலிருந்து வந்தவற்றில், இரண்டாவது வரியின் முதல் குறி தொழிற்சாலை, அடுத்த இலக்கம் ஆண்டின் கடைசி எண், அதையடுத்த எழுத்து மாதம், கடைசி இலக்கம் வாரம். ஆண்டு 7 என்றால் 57-ஆ 67-ஆ என்பதை மற்ற அடையாளங்களைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும்.

ஒரு வால்வை மட்டும் நம்பிவிடக் கூடாது. வால்வு கெட்டால் மாற்றுவது அன்று சர்வ சாதாரணம். ஐந்தில் நான்கு ஹாலந்துக்காரர், ஒன்று மட்டும் பெங்களூர்க்காரர் என்றால் அந்த ஒன்று பின்னால் குடிவந்தது. ஆனால் வால்வைச் செருகும் சாக்கெட்டை யாரும் எளிதில் மாற்றுவதில்லை. எல்லாச் சாக்கெட்டும் ஒன்பது துளை என்றால் பெட்டியே அந்தக் காலத்தது.

கரமனையில் ஒரு வீட்டில் எண்பதைக் கடந்த பெரியவர் ஒருவர், "1943-ல் இங்கே ரேடியோ ஸ்டேஷன் தொடங்கின அன்னிக்கு அப்பா இதில்தான் கேட்டாராம்" என்று பெருமையோடு காட்டினார். திறந்தால் இ.சி.எச். 81, இ.எல். 84, எல்லாம் ஒன்பது ஊசி. 1953-க்கு முன் இந்தப் பெட்டி இருந்திருக்க வழியில்லை என்று தயங்கித்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எனக்குப் பத்து வயசு இருக்கும்போது ஒரு புது ரேடியோ வந்தது. அது இதுதானோ என்னவோ! அப்பா பழசைக் கொடுத்துட்டு வாங்கியிருப்பார்" என்றார். அப்பா சொன்னதும் பொய்யில்லை, வால்வு சொன்னதும் பொய்யில்லை.

டயல் கண்ணாடியில் உள்ள ஊர்ப் பெயர்களையும் படியுங்கள். சென்னை நிலையம் 1938, திருச்சி 1939, திருவனந்தபுரம் 1943 (திருவிதாங்கூர் அரசு நடத்தியது; 1950 ஏப்ரல் முதல் அகில இந்திய வானொலி), கோழிக்கோடு 1950, திருச்சூர் 1956, திருநெல்வேலி 1963. 'விவித் பாரதி' என்று இருந்தால் 1957-க்குப் பின். கொழும்பு இருப்பதால் ஒன்றும் தெரியாது; அது 1925-லிருந்தே ஒலிபரப்பிய ஊர். ஒரு பெயர் இருந்தால் அந்த ஆண்டுக்குப் பிந்தியது என்று கொள்ளலாமே தவிர, இல்லை என்பதால் முந்தியது என்று சொல்லிவிட முடியாது.

கடைசியாக, வீட்டுக் காகிதங்கள். கடை பில்லில் விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன் வாங்கியது; 'நயா பைசா' என்றால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். தபால் ஆபீசில் ஆண்டுதோறும் பணம் கட்டி முத்திரை வாங்கிய ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தில், முதல் முத்திரையின் தேதியைப் பாருங்கள். வீட்டுக்கு முதல் ரேடியோ வந்த காலத்தை அது ஏறக்குறையக் காட்டிவிடும். 1980-களில் லைசென்ஸ் முறை போனதும் பல வீடுகளில் அந்தப் புத்தகங்கள் பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விட்டன. பத்திரங்கள் வைத்திருக்கும் டிரங்குப் பெட்டியை ஒருமுறை கிளறிப் பாருங்கள். கிடைத்தால் ரேடியோவுக்குள்ளேயே ஓர் உறையில் போட்டு வையுங்கள்.