நிகழ்காலத்தின் நான்கு முகங்கள்

மணவாள நகர், திருவள்ளூர் வட்டாரத்துப் பட்டதாரிகள் பலர் காக்களூர், கும்மிடிப்பூண்டி, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பேட்டைகளில் வேலை தேடுகின்றனர். நேர்முகத் தேர்வில் 'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்' என்று கூறுபவரைக் கண்டு நகைப்பது எளிது. ஆனால், அப்பிழையின் வேர் அறியாமையில் இல்லை; இரு மொழிகளும் காலத்தைப் பகுக்கும் முறையில் இருக்கிறது.

'செல்கிறேன்' என்னும் ஒரே வினைமுற்று, தமிழில் அன்றாட வழக்கத்தையும் இக்கணத்துச் செயலையும் உணர்த்தும். நன்னூல் கூறும் கிறு, கின்று, ஆநின்று ஆகிய மூன்று இடைநிலைகளும் ஒரே நிகழ்காலத்துக்கு உரியவை. 'அப்பா ஐந்து மணிக்கு எழுவார்', 'சூரியன் கிழக்கே உதிக்கும்' என வழக்கத்தை எதிர்கால வடிவிலும் சொல்கிறோம். ஆங்கிலமோ வழக்கத்துக்குச் சாதாரண நிகழ்காலத்தையே நாடுகிறது.

ஆலையின் பணிமாற்றப் பதிவேட்டைக் கருதுவோம். 'தி வால்வ் லீக்ஸ்' என்றால், அது வழக்கமாகக் கசிவது. 'இஸ் லீக்கிங்' என்றால், இப்போது கசிந்துகொண்டிருக்கிறது. 'ஹேஸ் லீக்ட்' என்றால், கசிந்திருக்கிறது. அதன் விளைவு இப்போது கண்முன் உள்ளது. 'ஹேஸ் பீன் லீக்கிங் சின்ஸ் மார்னிங்' என்றால், காலையில் தொடங்கிய கசிவு இன்னும் நிற்கவில்லை. அடுத்த பணிமுறைக்கு வருபவர் உடனே ஓட வேண்டுமா, பழுதுபார்ப்புக்கு எழுதி வைத்தால் போதுமா என்பதை இவ்வேறுபாடு தீர்மானிக்கிறது.

பொருளியல் கற்பித்த எனக்கு, மில்டன் ஃபிரீட்மன் 1957-இல் விளக்கிய நிலையான வருமானம், தற்காலிக வருமானம் என்னும் பாகுபாடு இங்கு நினைவுக்கு வருகிறது. 'ஐ வொர்க் இன் கும்மிடிப்பூண்டி' நிலையானதைச் சொல்கிறது. 'ஐ ஆம் வொர்க்கிங் இன் கும்மிடிப்பூண்டி' என்பதில் 'இப்போதைக்கு' என்னும் சாயல் ஏறக்கூடும். அறிதல், உடைமை போன்றவை செயல்கள் அல்ல, நிலைகள். ஆகவே 'ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்' என்பதே சரி. உண்ணுதல் செயல் என்பதால் 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' என்பதில் பிழையில்லை.

இன்னும் இரு இடங்களில் தமிழ் வழக்கு நம்மை இடறச் செய்கிறது. 'ஐந்து ஆண்டுகளாக வேலை செய்கிறேன்' என்பது தமிழில் செம்மையானது. ஆங்கிலத்தில் 'ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' பிழை. 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என வேண்டும். கால அளவுக்கு 'ஃபார்'. தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்'. அவ்வாறே 'நேற்றே அனுப்பியிருக்கிறேன்' என்று நாம் சொல்லலாம்; ஆங்கிலத்தில் 'எஸ்டர்டே' வந்தால் 'ஐ சென்ட் இட்' என்னும் இறந்தகாலமே பொருந்தும்.

தமிழ்வழியில் பயின்ற மாணவருக்கு ஆங்கில வாய்பாடுகளை மனப்பாடம் செய்விப்பதால் இத்தெளிவு பிறக்காது. இரு மொழிகளின் காலப் பகுப்பையும் அருகருகே வைத்துத் தமிழிலேயே விளக்க வேண்டும். எப்போதுமா, இப்போதா, நிகழ்ந்து முடிந்து விளைவு நிற்கிறதா, எப்போதிலிருந்து தொடர்கிறது என்னும் நான்கு கேள்விகளை வாக்கியம் அமைக்கும் முன் கேட்டுப் பழகினால், பெரும்பாலான பிழைகள் நீங்கிவிடும்.