கார் அலாரம் ஏன் சும்மா சும்மா கத்துது? கண்ணாடி உடைப்பு சென்சாரைச் சோதிக்கும் முறை

கார் அலாரம் முதல் தடவை கத்தினா தெருவே எட்டிப் பாக்கும். பத்தாவது தடவை கத்தினா யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. அலாரத்தில் வரக்கூடிய பெரிய பழுதே இதுதான். ஒயர் போறதும் ஃபியூஸ் போறதும் அதுக்கு அப்புறம்தான். சும்மா கத்துற அலாரம் தெருக்காரங்களையும் நம்மையும் காது கேளாதவங்களா ஆக்கிடுது. கடைசியில் நாமே அதை அணைச்சு வச்சிடுறோம்.

எங்க வீட்டுக் கார் அலாரம் போன கோடையில் இந்த நிலைமைக்கு வந்துச்சு. பொருத்திக் கொடுத்த கடையில் கேட்டேன். "சார், கண்ணாடி சென்சார் போயிருச்சு. புதுசு மாத்திருவோம்" என்றார்கள். மாத்துறதுக்கு முன்னாடி, அது உண்மையிலேயே போயிருக்கான்னு பாக்கலாம்னு தோணுச்சு. அந்த ரெண்டு வாரத்தில் எழுதி வச்ச குறிப்புகளை ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன். யார் வீட்டுக் காருக்கும் இந்த வழி பொருந்தும்.

எதுக்கு இந்த சென்சார்?

வங்கி வாசல், கல்யாண மண்டபம் மாதிரி இடங்களில் நிறுத்தியிருந்த காரின் கண்ணாடியை உடைத்துப் பணப்பையைத் தூக்கிட்டுப் போனாங்கன்னு பேப்பரில் அடிக்கடி படிக்கிறோம். இந்த மாதிரி திருடன் கதவைத் திறப்பதே இல்லை. நம்ம ஊரில் விற்கும் பெரும்பாலான கார்களில் கம்பெனியே கொடுக்கும் அலாரம் கதவு, பானெட், டிக்கி திறந்தால் மட்டும்தான் கத்தும். கண்ணாடி வழியா கை உள்ளே போய் வந்தால் அதுக்குத் தெரியாது. அதனால்தான் பலர் வெளியே ஆக்சஸரீஸ் கடையில் தனியா ஒரு கண்ணாடி உடைப்பு சென்சாரைச் சேர்த்துப் பொருத்திக்கிறாங்க.

அது எப்படிக் கேட்கிறது?

முன்பக்கக் கண்ணாடி ரெண்டு கண்ணாடிக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. உடைந்தாலும் அப்படியே நிற்கும். பக்கவாட்டுக் கண்ணாடி பெரும்பாலான கார்களில் வேற ரகம். 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றடித்து சட்டெனக் குளிர வைத்து உறுதியாக்கியது. மேற்பரப்பு அழுத்தத்திலும் உள்பகுதி இழுவிசையிலும் எப்போதும் விறைப்பாவே இருக்கும். ஒரு இடத்தில் விரிசல் உள்ளே இறங்கிட்டா போதும், அது நொடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் வேகத்தில் பரவும். 60 சென்டிமீட்டர் அகலக் கண்ணாடி அரை மில்லி விநாடிக்குள் பொடிப்பொடியாகிவிடும்.

இதில் ரெண்டு ஓசை இருக்கு. முதலில் அடி விழும்போது கண்ணாடி உள்ளே வளைந்து எழுப்பும் "தொம்". இது சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் கனத்த ஓசை. அடுத்து "சிலீர்". இது பல ஆயிரம் ஹெர்ட்ஸில் இருக்கும் கூர்மையான ஓசை. காருக்குள் பொருத்தும் நல்ல சென்சார் ஒரு சின்ன மைக்ரோபோனும், இந்த ரெண்டையும் பிரித்துக் கேட்கும் ஒரு சர்க்யூட்டும்தான். தொம் மட்டும் வந்தா யாரோ கதவைச் சாத்தியிருக்கலாம். சிலீர் மட்டும் வந்தா சாவிக்கொத்து விழுந்திருக்கலாம். ரெண்டும் அடுத்தடுத்து நொடிப் பொழுதில் வந்தால்தான் அது வாய் திறக்கும்.

சில வெளிநாட்டுக் கார்களில் மைக்ரோபோனுக்குப் பதில், பின்பக்க ஓரக் கண்ணாடியில் மெல்லிய மின்கம்பி வளையம் பதித்திருப்பாங்க. கண்ணாடி நொறுங்கினா வளையம் அறுந்து அலாரம் கத்தும். அங்கே பழுது பெரும்பாலும் கண்ணாடியில் இருக்காது, கப்லரில்தான் இருக்கும். வளையம் அறுந்திருக்கான்னு மல்டிமீட்டரில் ஓம் அளந்தாலே தெரிஞ்சிடும்.

நம்ம ஊர்ச் சத்தம்

இப்போ புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வாங்க. திருவிழாவில் அதிர்வேட்டு போட்டா "தொம்". கூடவே நாதஸ்வரமோ சரவெடியோ இருந்தா மேல் ஓசையும் தயார். சென்சார் எதிர்பார்க்கிற ரெண்டு பகுதியும் நம்ம சாமி ஊர்வலத்திலேயே இருக்கு. கல்குவாரி உள்ள பக்கம் பாறைக்கு வெடி வைக்கும்போது தரை அதிரும். விராலிமலைப் பக்கம் மயில் கண்ணாடியில் தன் உருவத்தையே எதிரின்னு நினைச்சுக் கொத்தும். எல்லாத்துக்கும் மேல வெயில். வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் சூடு வெளிச்சூட்டைவிட வெகுவா ஏறும். டேஷ்போர்டு பிளாஸ்டிக் நீளும், டபுள் சைடு டேப்பின் பசை இளகும், ஒயர் முனைகள் தளரும்.

வாகன அலாரங்களுக்கான ஐ.நா. 97ஆம் எண் விதிமுறை இந்த வீண் கூச்சலை ஒரு பொருட்டாவே எடுத்துக்கிச்சு. வண்டியின் உடம்பிலோ கண்ணாடியிலோ 4.5 ஜூல் வரை ஒரு மழுங்கிய மோதல் விழுந்தா அலாரம் கத்தக் கூடாதுங்குது அது. ஒரு கிலோ எடையை ஏறக்குறைய 46 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டால் கிடைக்கும் ஆற்றல் அது. தெருவில் பிள்ளைங்க அடிச்ச ரப்பர் பந்து பட்டதுக்கெல்லாம் ஊரைக் கூட்டக் கூடாதுங்கிறதுதான் விஷயம். சைரன் ஒரு தடவைக்கு 25 முதல் 30 விநாடிதான் ஒலிக்கணும்னும் அது சொல்லுது.

முதல் வேலை: நோட்டுப் புத்தகம்

ஸ்க்ரூடிரைவர் எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு நோட்டு எடுங்க. கத்தின நேரம், வெயிலா நிழலா, சுத்தி என்ன சத்தம் இருந்தது, இந்த மூணு மட்டும் எழுதினா போதும். எட்டு நாளில் எங்க வண்டி 11 தடவை கத்துச்சு. அதில் 8 தடவை பகல் 12 மணிக்கும் 4 மணிக்கும் இடையில், வெயிலில் நிற்கும்போது. ஒண்ணு விடியற்காலையில். மீதி ரெண்டும் ஒரே ராத்திரி, பக்கத்துக் கோயிலில் வேட்டுப் போட்டப்போ.

எதிர்வீட்டு அப்பத்தா இதய ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க. மத்தியானம் மாத்திரை போட்டுட்டுக் கண்ணசரும் நேரம் அது. "ஏன் தம்பி, உன் காரு கத்துறப்பல்லாம் நெஞ்சு படபடங்குதுப்பா. அதை ஒண்ணு சரி பண்ணு, இல்ல கழட்டிப் போடு"ன்னாங்க. அவங்க சொன்னதில் ஞாயம் இருந்தது. கழட்டிப் போடுறதுக்கு முன்னாடி ஒரு வாரம் தவணை கேட்டுக்கிட்டேன். அந்த ஒரு வாரமும் வண்டி பகலில் தெருக்கோடியில் நின்னுச்சு.

அடுத்தது, எந்த சென்சார் கத்துதுன்னு உறுதி பண்ணணும். அதிர்வு சென்சார், கதவு ஸ்விட்ச், கண்ணாடி சென்சார் மூணும் ஒரே சைரனைத்தான் அடிக்கும். பல அலாரங்களில் ரிமோட்டால் நிறுத்தின பிறகு டேஷ்போர்டில் உள்ள சின்ன விளக்கு சில தடவை கண்சிமிட்டும். எத்தனை சிமிட்டல் எந்த சென்சாருக்குன்னு கையேட்டில் இருக்கும். எங்க வண்டியில் எல்லாத் தடவையும் கண்ணாடி சென்சாரின் எண்ணிக்கைதான் வந்தது. அதே சூட்டோடு பேட்டரியையும் பாத்தேன். ராத்திரி முழுக்க நின்ன வண்டியில் காலையில் 12.5 வோல்ட். நல்லாவே இருந்தது. 12 வோல்ட்டை ஒட்டி வந்தா முதலில் பேட்டரியைக் கவனிக்கணும்.

காதைப் பொத்திப் பார்த்தல்

ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். இதுதான் விதி. ரெண்டை ஒண்ணா மாத்திட்டா, எது குணமாக்குச்சுன்னு தெரியவே தெரியாது.

முதல் சோதனை. மைக்ரோபோன் மேல் பஞ்சு வைத்து, மேலே இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். சாவிக்கொத்தைப் பக்கத்தில் குலுக்கினால் சென்சாரில் உள்ள குட்டி விளக்கு எரியணும். இப்போ எரியவில்லை. காது அடைஞ்சாச்சு. ஆனா மறுநாள் மத்தியானம் ஒண்ணரை மணிக்கு அலாரம் கத்துச்சு! காது கேட்காத சென்சார் சத்தத்துக்குக் கத்த முடியாது. அப்போ பகல் கூச்சலுக்குச் சத்தம் காரணமில்லை. இந்த ஒரு சோதனைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

ரெண்டாவது சோதனை. சென்சாரின் கப்லரைக் கழற்றிவிட்டு ரெண்டு பகல் அதே வெயிலில் விட்டேன். சத்தமே இல்லை. ஆக, கோளாறு சென்சாரிலோ அதுக்குப் போகும் ஒயரிலோ. தலைமை யூனிட்டில் இல்லை.

மூணாவது சோதனை. கப்லரைத் திரும்ப மாட்டி, மின்சாரத்தை மட்டும் பேட்டரியிலிருந்து நேராக ரெண்டு தனி ஒயரில் கொடுத்தேன். பாசிட்டிவில் ஒரு ஃபியூஸ் கட்டாயம் போட்டுக்கணும். சிக்னல் ஒயர் பழையதே. ரெண்டு மத்தியானம் அமைதி. சென்சாரும் நல்லாத்தான் இருக்கு, சிக்னல் ஒயரும் நல்லாத்தான் இருக்கு. அதுக்கு வரும் சாப்பாட்டில்தான் பிரச்சினை.

எர்த்தில் இருந்தது சூட்சுமம்

பழைய ஒயரை மறுபடி மாட்டி, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை சென்சாரின் கறுப்பு ஒயரிலும் வைத்தேன். காலையில் 0.02 வோல்ட். மத்தியானம் வெயிலில் அதே இடத்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல் துள்ளிக் குதிச்சுது. இந்த சென்சார் இழுக்கிறது 5 மில்லி ஆம்பியர்தான். ஓம் விதிப்படி, 5 மில்லி ஆம்பியரில் ஒரு வோல்ட் விழுந்தால் நடுவில் 200 ஓம் தடை இருக்குன்னு அர்த்தம். நல்ல எர்த்தில் ஒரு ஓம்கூட இருக்கக் கூடாது.

கறுப்பு ஒயரைப் பிடிச்சுக்கிட்டே போனா, டேஷ்போர்டுக்குக் கீழே பெயின்ட் அடிச்ச தகட்டில் ஒரு சின்ன ஸ்க்ரூவுக்கு அடியில் சுத்தியிருந்தது. லக்கு இல்லை, பெயின்ட் சுரண்டவில்லை. ஸ்க்ரூவின் மரை மட்டும்தான் இரும்பைத் தொட்டுக்கிட்டிருந்தது. வெயிலில் தகடு விரிய, தொடர்பு விட்டு விட்டு வருது. விடியற்காலையில் தகடு குளிர்ந்து சுருங்கும்போதும் அதே கதை.

எர்த் விட்டா ஏன் அலாரம் கத்தணும்? எங்க சென்சாரில் சிக்னல் ஒயர் சாதாரணமா உயர்ந்த வோல்ட்டில் இருக்கும். கண்ணாடி உடைந்தால் சென்சார் அதை எர்த்தோடு சேர்க்கும். மின்சாரம் விட்டு வரும்போது சென்சார் மறுபடி முதலில் இருந்து தொடங்குது. அந்தத் தொடக்கத்தில் சிக்னல் ஒயர் ஒரு கணம் கீழே இறங்குது. தலைமை யூனிட்டுக்கு அது "கண்ணாடி உடைஞ்சிருச்சு"ங்கிற செய்தி. இதை உறுதிப்படுத்த, நிழலில் வண்டியை நிறுத்தி, கறுப்பு ஒயரைக் கையால் எடுத்து எடுத்து வைத்தேன். அலாரம் கத்துச்சு. பழுதை நாமே வரவழைக்க முடிஞ்சா, கண்டுபிடிச்சாச்சுன்னு தைரியமாச் சொல்லலாம்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வச்சுட்டு, ஒயருக்கு ஒரு லக்கு அடிச்சு, கார்க் கம்பெனியே எர்த்துக்காகக் கொடுத்திருந்த போல்ட்டில் இறுக்கினேன். செலவு ஒரு டீக்காசு.

கேட்கிறதான்னும் பாக்கணும்

வீண் கூச்சல் நின்னதும் பலர் இங்கேயே முடிச்சிடுவாங்க. ஆனா ஊமையாகிப்போன சென்சாரும் அமைதியாத்தான் இருக்கும்! பஞ்சை எடுத்துட்டு, கண்ணாடியை மூடி, அலாரத்தைப் போட்டு, வெளியிலிருந்து கைமுட்டியின் சதைப்பக்கத்தால் கண்ணாடியில் ஒரு தட்டு. தொம் மட்டும், கத்தக் கூடாது. பிறகு உள்ளே உட்கார்ந்து சாவிக்கொத்தைக் குலுக்கல். சிலீர் மட்டும், கத்தக் கூடாது. கடைசியா, ஒருத்தர் கண்ணாடியைத் தட்ட, அதே நொடியில் உள்ளே இருப்பவர் ஒரு எவர்சில்வர் தட்டில் கரண்டியால் அடிக்கணும். இப்போ கத்தணும்.

எங்க வண்டியில் சாவிச் சத்தம் தேவைக்கு மேலேயே கேட்டது. சென்சாரில் உள்ள திருகை இடப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பி, மூணு சோதனையும் சரியா வரும் இடத்தில் நிறுத்தினேன். அந்த வேட்டு ராத்திரிக்கான காரணம் இதுதான். ஒரே புகாருக்குள் ரெண்டு தனித்தனி நோய். எர்த்தை மட்டும் சரி பண்ணியிருந்தா அடுத்த திருவிழாவில் மறுபடி கத்தியிருக்கும். புது சென்சார் வாங்கி அதே கறுப்பு ஒயரில் மாட்டியிருந்தா அடுத்த மத்தியானமே கத்தியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. எல்லா உடைப்பையும் இந்த சென்சார் பிடிச்சிடும்னு நம்ப வேண்டாம். தொம் இல்லாமலே கண்ணாடியை நொறுக்கும் வழிகள் உண்டு. கண்ணாடியில் ஒட்டும் படலம் துண்டுகளைச் சேர்த்துப் பிடிச்சு, சிலீர் ஓசையையும் அமுக்கும். (கறுப்புப் படலம் ஒட்டக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2012இல் சொன்னது வேறு காரணத்துக்காக.) பணப்பையை சீட்டில் வச்சுட்டு சென்சாரை நம்பிப் போறதைவிட, பையைக் கையோடு எடுத்துட்டுப் போறது மேல்.

சுருக்கமா, வரிசை இது:

1. எட்டு நாள் நேரம் குறியுங்கள்.
2. எந்த சென்சார் என்று விளக்குச் சிமிட்டலில் உறுதி செய்யுங்கள். பேட்டரி வோல்ட்டைப் பாருங்கள்.
3. மைக்ரோபோனைப் பொத்துங்கள். அப்பவும் கத்தினால் சத்தம் காரணமில்லை.
4. கப்லரைக் கழற்றுங்கள். அப்பவும் கத்தினால் கோளாறு வேறு இடத்தில்.
5. தனி ஒயரில் மின்சாரம் கொடுங்கள். அமைதியானால் எர்த்தையும் பாசிட்டிவையும் தேடுங்கள். அப்பவும் கத்தினால்தான் சென்சாரையோ சிக்னல் ஒயரையோ சந்தேகப்படலாம்.
6. சரியானதும், கேட்கிறதா என்று சோதியுங்கள்.

மெக்கானிக் "போயிருச்சு" என்று சொன்னால், "எது போயிருச்சு, எப்படித் தெரியும்?" என்று ரெண்டே கேள்வி கேளுங்க. நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார், மீட்டரை எடுத்துக் காட்டுவார்.

எதிர்வீட்டு அப்பத்தா இப்போ எங்க காரைப் பத்திப் பேசுறதே இல்லை. ஒரு அலாரத்துக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.