தந்தை தோண்டிய கிணறு

மலைகளையும் வாவிகளையும் காண விரும்புவோர் நுவரெலியாவுக்குப் பயணமாகின்றனர். நமது யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. ஆயினும் கார்த்திகை மழை சற்று ஓய்ந்த ஒரு நாளில் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, புத்தூரிலிருந்து நவக்கிரியில் உள்ள நிலாவரைக்கு நடந்து சென்று பாருங்கள். ஊரின் பெயரில் 'கிரி' உண்டு, மலைதான் இல்லை!

செம்மண் தோட்டங்களையும் பனங்கூடல்களையும் கடந்து சென்றால், சுண்ணாம்புப் பாறை நடுவே அமைதியாய்க் கிடக்கிறது அந்த நீர்நிலை. இராமபிரானின் அம்பினால் உண்டானது என்று நம் இந்து சகோதரர்கள் வழிவழியாகக் கூறுவர். அதன் ஆழம் 50 மீற்றருக்கும் அதிகம். மேலே நன்னீர்; ஆழத்தில் உவர்நீர்.

நம் கிணறுகள் அனைத்தின் இரகசியமும் இதுவே. பாறைக்குள் இறங்கும் மாரி மழை, பாரம் கூடிய கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அது கீழே ஏறத்தாழ 40 அடி வரை உவர்நீரைத் தள்ளி வைத்திருக்கும் என்பது அறிவியலார் கணிப்பு. மேலே ஓர் அடி குறைந்தால், கீழிருந்து 40 அடி உவர்ப்பு ஏறி வரலாம்.

அன்பார்ந்தவர்களே, குடும்ப உறவுகளிலும் இதுதானே நிகழ்கிறது? சிறிதளவு அன்பு குறைகிறது. பெருமளவு கசப்பு மேலெழுகிறது. அப்பா தோண்டிய பங்குக் கிணற்றில் யார் எந்த நாளில் இறைப்பது என்பதற்காக, ஒரே தாயின் பிள்ளைகள் ஆண்டுக்கணக்காகப் பேசாதிருப்பதை நாம் அறிவோம். நீதிமன்றத் தீர்ப்பு நீரைப் பங்கிடும். உறவை மீட்டுத் தராது.

தொடக்கநூல் 26ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். பெலிஸ்தியர் மண்ணிட்டு மூடிய தன் தந்தையின் கிணறுகளை ஈசாக்கு மீண்டும் தோண்டினார். புதிதாய்த் தோண்டிய கிணற்றுக்கும் வாக்குவாதம் வந்தது, அடுத்ததற்கும் வந்தது. அவர் சண்டையிடவில்லை, அப்பால் சென்று மூன்றாவது கிணற்றைத் தோண்டினார். அதற்கு இடப்பட்ட பெயரின் பொருள், பரந்த இடம். இதே ஈசாக்கு, தந்தை ஆபிரகாமை அடக்கம் செய்தபோது, பிரிந்து வாழ்ந்த சகோதரர் இஸ்மயேலோடு சேர்ந்தே நின்றார்.

விட்டுக்கொடுக்குமாறு எளியவரிடம் கூறுவது சுலபம். ஆனால் ஈசாக்கு அப்போது செல்வந்தர். ஆகவே வசதியுள்ளவரே முதலில் இறங்கி வரவேண்டும் என்பதை மறவாதீர்கள்.

நவம்பர், இறந்தோருக்காக நாம் மன்றாடும் மாதம். சேமக்காலைக்குச் சென்று பெற்றோரின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுகிறோம். அதே கல்லறைக்கு அண்ணன் காலையிலும் தம்பி மாலையிலும், ஒருவரையொருவர் காணாதபடி நேரம் பார்த்து வருவார்களாயின், அந்த மெழுகுதிரியின் ஒளி யாருக்கு?

நிலாவரையின் கரையில் சிறிது நேரம் அமர்ந்திருங்கள். உள்ளத்தில் மூடிக் கிடக்கும் கிணறு எதுவென்று ஆண்டவரிடம் கேளுங்கள். திரும்பி வரும் வழியில், நெடுநாளாய் நீங்கள் மிதியாத அந்தப் படலையைத் திறந்து, "அண்ணை" என்று ஒருமுறை அழையுங்கள். திருவருகைக் காலத்திற்கு அதைவிடச் சிறந்த ஆயத்தம் வேறில்லை.