'அமோக்' என்னும் சொல்லின் வரலாறு



ஆங்கில அகராதியில் 'அமோக்' என்றொரு சொல் உண்டு. தன்னை மறந்து, வெறிகொண்டு, கண்ணிற் பட்டோரையெல்லாம் தாக்கும் நிலையை அது குறிக்கும். 'அமோக விளைச்சல்' என்று நாம் கூறும் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை; அது வடமொழிச்சொல். ஆங்கிலத்தில் வழங்கும் 'அமோக்', நாம் நாள்தோறும் கேட்கும் மலாய்மொழியிலிருந்து சென்றதாகும்.

மலாயில் 'அமுக்' என்பது வேர்ச்சொல். 'மெங்ஙாமுக்' என்பது அதனின்று பிறந்த வினைச்சொல். மனிதர் வெறிகொள்வதற்கு மட்டுமன்றி, புயல் சீறுவதற்கும் இவ்வினை வழங்கும். தன் நண்பன் ஹாங் துவா குற்றமின்றித் தண்டிக்கப்பட்டான் என்று சினந்து, மலாக்கா அரண்மனையில் ஹாங் ஜெபாட் வெறியாடிய கதையை மலாய் மக்கள் நன்கறிவர்.

1511ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். அக்காலத்தில் வாழ்ந்த துவார்த்தே பார்போசா என்னும் போர்த்துக்கீசியர் தம் நூலில் இச்சொல்லைக் குறித்துள்ளார். பின்னர், 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் இதனை எடுத்தாண்டனர். அவர்களுள் சிலர், முதலில் நிற்கும் 'அ' என்னும் ஒலியைத் தம் மொழியில் 'ஒரு' எனப் பொருள்படும் சொல்லாகக் கருதி, 'மக்' என்பதைத் தனியே பிரித்தும் எழுதினர்!

ஆங்கிலத்தில் இது பெயரடையாகவும் வினையடையாகவும் வரும். பெரும்பாலும் 'ஓடு' என்னும் வினையோடு சேர்ந்தே வழங்கும். இன்று இதன் பொருள் விரிந்துள்ளது. கயிற்றை அறுத்துக்கொண்டு காய்கறித் தோட்டத்துட் புகுந்து கண்டபடி ஓடும் ஆட்டிற்கும் இச்சொல் பொருந்தும். மலேசியாவில் 1972ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்குப் பின்னர் மலாயில் 'அமுக்' என்றே எழுதுகின்றனர். ஆங்கிலமோ பழைய 'அமோக்' வடிவத்தையே காத்து வருகின்றது.

சொல் மலாய்மொழிக்கு உரியது. ஆதலின், அச்செயலும் மலாய் மக்களுக்கே உரியது என்று குடியேற்ற ஆட்சிக்காலத்து எழுத்தாளர் பலர் கருதினர். அது தவறான கருத்தாகும். ஆங்கிலத்தில் இதனை ஒத்த பொருளுடைய 'பெர்சர்க்' என்னும் சொல், ஐரோப்பாவின் வடகோடியில் வாழ்ந்த நார்ஸ் மக்களின் மொழியிலிருந்து வந்தது. போர்க்களத்தில் வெறிகொண்டு பொருத வீரரை அவர்கள் அவ்வாறு அழைத்தனர். 'கரடித்தோற் சட்டை அணிந்தவன்' என்பது அதன் பொருள் என்பர் அறிஞர் பலர். தமிழிலும் 'வெறி' என்னும் சொல் உண்டன்றோ? எம்மொழியிலும் இதற்கொரு சொல் இருப்பின், கட்டுக்கடங்காத சினம் எவ்வினத்தார்க்கும் வரக்கூடியதே என்பது தெளிவு.

ஆகவே, ஒரு சொல்லைக் கொண்டு ஓரினத்தை இகழ்தல் முறையன்று. சினம் எல்லார்க்கும் பொதுவாதலின், அதனை அடக்கும் கடமையும் எல்லார்க்கும் பொதுவே. இதனை உணர்ந்தன்றோ வள்ளுவப் பெருந்தகை 'வெகுளாமை' என ஓர் அதிகாரமே வகுத்தார்! மாணவ மணிகளே, சொல்லின் பொருளைக் கற்பதோடு நில்லாது, சினத்தை வெல்லவும் கற்பீர்களாக!