உறிஞ்சும் பஞ்சும் ஒட்டும் கிருமியும்

நாட்பட்டும் ஆறாத புண் ஒருவரின் நடையையும் தொழிலையும் ஒருங்கே முடக்கிவிடும். நீரிழிவு நோயாளரின் பாதத்தில் தோன்றும் சிறு புண் முற்றி, காலையே இழக்கச் செய்வதும் உண்டு. இத்தகைய புண்களுக்கு இன்றைய வைத்தியசாலைகள் கையாளும் முறைகளுள் ஒன்று மறை அமுக்கச் சிகிச்சையாகும். இயந்திரம் கிருமிகளை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிடும் என்று நோயாளரும் உறவினரும் நம்புவது இயல்பே. அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் பொருந்தும்?

முதலில் முறையை நோக்குவோம். புண்ணின் குழியில் நுண்துளைகள் நிறைந்த நுரைப்பஞ்சை வைத்து, காற்றுப் புகாத மெல்லிய ஒட்டுத்தாளால் மூடி, குழாய் மூலம் சிறிய பம்பியொன்றோடு இணைப்பர். அமுக்கம் வழக்கமாக 125 மில்லிமீற்றர் இரச அளவு குறைக்கப்படும். வளிமண்டல அமுக்கம் 760 மில்லிமீற்றர். ஆகவே குறைவது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கே. இதனாற் பற்றீரியாக்கள் மடிவதில்லை. தேங்கிய நீர் வெளியேறுகிறது, வீக்கம் தணிகிறது, புண்ணின் விளிம்புகள் நெருங்குகின்றன, செந்நிறப் புது இழையம் வளர்கிறது.

அமெரிக்காவின் வட கரோலைனாவில் ஆர்ஜென்டா, மோரிக்வாஸ் என்னும் இருவர் இம்முறையை ஆராய்ந்து 1997இல் முடிவுகளை வெளியிட்டனர். பன்றிகளின் புண்களில் அவர்கள் வேண்டுமென்றே பற்றீரியாக்களை இட்டனர். உறிஞ்சப்பட்ட புண்களில் அவற்றின் தொகை, கிராம் இழையத்துக்கு ஒரு லட்சம் என்ற எல்லைக்குக் கீழே ஐந்து நாளளவில் இறங்கியது; மற்றப் புண்களில் அதற்குப் பதினொரு நாள் சென்றது. கிருமியை ஒழிக்கும் வழி கிடைத்துவிட்டதென்று பலரும் கருதியதில் வியப்பில்லை.

ஆனால் மனிதரின் புண்கள் அவ்வாறு எளிதில் விடைகூறவில்லை. நெதர்லாந்தில் 54 நோயாளரிடம் நடத்தப்பட்டு 2004இல் வெளிவந்த ஆய்வில், பற்றீரியாக்களின் மொத்தத் தொகை பெரிதும் மாறவில்லை. ஒருவகைக் கிருமிகள் குறைய, சீழுண்டாக்கும் ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் கூடியது. எனினும் உறிஞ்சப்பட்ட புண்களின் பரப்பு விரைவாகச் சுருங்கியது! கிருமி குறையாமலே புண் ஆறத் தொடங்கலாம் என்பது இதனாற் புலனாயிற்று.

கிருமிகள் அகலாமைக்கு ஒரு காரணம் உயிர்ப்படலம். நாட்பட்ட புண்ணிற் பற்றீரியாக்கள் தனித்தனியே திரிவதில்லை. பசை போன்ற பொருளைச் சுரந்து, அதனுள்ளே கூட்டமாக ஒட்டி வாழ்கின்றன. கழுவாத தண்ணீர்க் குடத்தின் உட்புறத்தில் வழுவழுப்பு ஏறுவது போன்றதே இது. குடத்தை அலசினால் வழுவழுப்புப் போகாது, பொச்சுமட்டையால் தேய்க்கவேண்டும். அதுபோலவே, உறிஞ்சும் விசை தளர்ந்து கிடக்கும் நீரையும் கழிவையும் அகற்றுமேயன்றி, ஒட்டிய படலத்தைப் பெயர்த்தெடுக்கப் போதாது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் அதனுள் வாழ்வனவற்றை எளிதில் அழிப்பதில்லை. புண்ணில் வைத்த பஞ்சிலேயே கிருமிகள் குடியேறுவதும் உண்டு. இரண்டு மூன்று நாட்களுக்கொருமுறை பஞ்சை மாற்றவேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகையால், அழுகிய இழையத்தைச் சத்திரவைத்தியர் முதலில் வெட்டி அகற்றுவார். அதன் பின்னும் படலம் சில நாட்களில் மீண்டும் உருவாகலாம். உறிஞ்சுதலை இடையிடையே நிறுத்திக் கிருமிநீக்கி நீரைப் பஞ்சினூடே பாய்ச்சும் முறையும் இப்போது உண்டு. பன்றித் தோலில் வளர்த்த படலத்தை ஆராய்ந்தபோது, வெறும் உப்புநீரைவிடக் கிருமிநீக்கி நீர் மிகுதியாகப் பயன்பட்டது.

எனவே, பம்பி இயங்குகிறதென்று எண்ணி எவரும் கவலையற்று இருத்தலாகாது. காய்ச்சல், துர்நாற்றம், பரவும் செம்மை, கூடும் வலி ஆகியன தோன்றினால் உடனே வைத்தியரிடம் அறிவிக்கவேண்டும். குழாயில் இரத்தம் பெருகினால் ஒரு கணமும் தாமதித்தல் கூடாது. பம்பி நல்ல துணைவன். ஆயினும் புண்ணைத் துப்புரவாக்கும் கையின் வேலையையும் கவனிக்கும் கண்ணின் வேலையையும் அது ஏற்றுக்கொள்ளாது.