நீங்களே மை நிரப்பப் போறீங்களா?

இந்தப் பகுதியில் வரும் வீட்டுக் குறிப்புகளைப் படிக்கும்போதெல்லாம், "நாமும் ஒன்று எழுதினால் என்ன?" என்று தோன்றும். இன்றுதான் பேனா எடுத்தேன். பிரிண்டர் கார்ட்ரிட்ஜில் வீட்டிலேயே மை நிரப்புவது எப்படி என்பதோடு, நான் செய்த ஒரு தவறையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

2020ல் கொரோனா ஊரடங்கில் பள்ளிக்கூடம் மூடியதும், பையனுடைய பாடமெல்லாம் போனுக்கு வர ஆரம்பித்தது. தினமும் ஜெராக்ஸ் கடைக்கு ஓட முடியாது, கடையும் திறந்திருக்காது. அதனால் ஒரு சின்ன கலர் பிரிண்டர் வாங்கினோம். வாங்கும்போது விலை குறைச்சலாகத்தான் தெரிந்தது. இரண்டே மாதத்தில் மை தீர்ந்தது. புது கலர் கார்ட்ரிட்ஜ் கேட்டால் ஆயிரத்தை ஒட்டிச் சொல்கிறார்கள். கறுப்பையும் சேர்த்தால் பிரிண்டர் விலையில் பாதி வந்துவிடும் போலிருந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான் என்று நினைத்துக் கொண்டேன்.

கடைக்காரத் தம்பிதான், "அக்கா, பாட்டில் மை வாங்கி நீங்களே நிரப்பிக்கலாம்" என்று வழி சொன்னார். நான்கு நிறமும் சேர்ந்த செட், பாட்டிலுக்கு 100 மில்லி. கலர் கார்ட்ரிட்ஜில் ஒரு நிறத்துக்கு இரண்டு, மூன்று மில்லிதான் போகும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு செட் பல மாதம் வரும்.

என் கணவர், "கம்பெனிக்காரன் மை இருக்க, நாம நிரப்பினா அது தப்பில்லையா?" என்று கேட்டார். தப்பில்லை. நாம் காசு கொடுத்து வாங்கிய பொருள் நம்முடையது. அமெரிக்காவில்கூட இந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. விற்றுவிட்ட கார்ட்ரிட்ஜில் திரும்ப மை நிரப்புவதைக் காப்புரிமையைக் காட்டித் தடுக்க முடியாது என்று 2017ல் தீர்ப்பு வந்தது. ஆனால் ஒன்று, நாம் நிரப்பியதால் பிரிண்டர் கெட்டுப்போனால் அந்த ரிப்பேருக்கு வாரண்டி கிடைக்காமல் போகலாம். அதற்குத் துணிந்துதான் இறங்க வேண்டும்.

முதலில் கார்ட்ரிட்ஜ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். கலர் கார்ட்ரிட்ஜுக்குள் மூன்று அறை. மூன்றிலும் ஸ்பாஞ்சு. ஒன்றில் நீலம், ஒன்றில் ரோஸ், ஒன்றில் மஞ்சள். இந்த மூன்றையும் புள்ளி புள்ளியாகச் சேர்த்துத்தான் மற்ற எல்லா நிறமும் வருகிறது. மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை என்பது ரங்கோலி போடும் நமக்குத் தெரியாததா?

கார்ட்ரிட்ஜின் அடியில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி ஹீட்டர். அது ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் மையைக் கொதிக்க வைக்கும். அப்போது வரும் ஆவிக்குமிழி ஒரு சொட்டு மையைத் தள்ளித் தாளில் தெறிக்க விடும். 1977ல் ஜப்பானில் கேனன் ஆய்வுக்கூடத்தில், சூடான பற்றவைப்புக் கோல் தவறிப்போய் மை இருந்த ஊசியில் பட்டு, மை பீய்ச்சி அடித்ததைப் பார்த்துத்தான் அவர்களுக்கு இந்த யோசனை வந்ததாம். எப்சன் பிரிண்டர்களில் முறை வேறு, அதில் சூடு கிடையாது.

ஹீட்டர் கதையை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த ஹீட்டரைக் குளிர வைப்பதும் அதே மைதான். சுத்தமாக மை வற்றிய பிறகும் பிரிண்ட் போட்டுக்கொண்டே இருந்தால் அடிபிடித்த பால் பாத்திரம் மாதிரி கருகிவிடும். பிறகு எவ்வளவு மை ஊற்றினாலும் பிரயோஜனமில்லை. நிறம் வெளிற ஆரம்பித்த உடனே நிரப்ப வேண்டும்.

இனி செய்முறை. பழைய பேப்பரை நாலாக மடித்து விரித்துக் கொள்ளுங்கள். பழைய நைட்டி போட்டுக் கொள்ளுங்கள், கையில் உறை மாட்டுங்கள். மருந்துக் கடையில் மூன்று புது சிரிஞ்ச் வாங்குங்கள். நிறத்துக்கு ஒன்று. ஒரே ஊசியை மூன்றிலும் விட்டால் நிறம் கலந்துவிடும்.

கார்ட்ரிட்ஜ் மேலே இருக்கும் ஸ்டிக்கரை மெதுவாக உரித்தால் சின்னத் துளைகள் தெரியும். எந்தத் துளை எந்த நிறம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். பல் குத்தும் குச்சியை உள்ளே விட்டு எடுத்து வெள்ளைத் தாளில் தொட்டுப் பாருங்கள், நிறம் தெரிந்துவிடும். பிறகு ஊசியை ஸ்பாஞ்சில் இறக்கி, கைக்குழந்தைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி, சொட்டுச் சொட்டாக விடுங்கள். அவசரப்பட்டால் காற்றுக் குமிழி சேரும், மையும் பக்கத்து அறைக்கு வழியும். துளை வரை மை ஏறி வந்தால் நிறுத்திவிட்டு, கொஞ்சம் திரும்ப உறிஞ்சிவிடுங்கள்.

மேலே வழிந்ததைத் துடைத்து ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டுங்கள். காற்றுப் போக வழி இல்லாதபடி செலோடேப் போட்டு இறுக்கி மூடிவிடாதீர்கள். காற்று உள்ளே போனால்தான் மை கீழே இறங்கும். அடியில் இருக்கும் செப்புப் பட்டையையும் துவாரத்தையும் விரலால் தொடக்கூடாது. டிஷ்யூ பேப்பர் மேல் லேசாக ஒற்றி எடுத்தால் மூன்று நிறமும் தனித்தனிக் கோடாகப் பதிய வேண்டும். ஒரு கோடு வரவில்லை என்றால், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த டிஷ்யூ மேல் இரண்டு நிமிஷம் வையுங்கள், அடைப்பு இளகும்.

நிரப்பிய பிறகும் "மை இல்லை" என்றுதான் பல பிரிண்டர்கள் காட்டும். அது மையை அளந்து பார்ப்பதில்லை, போட்ட பிரிண்டைக் கணக்கு வைத்துச் சொல்கிறது. பயப்பட வேண்டாம். ஆனால் சில மாடல்களில் சிப் இருக்கும், அவை நிரப்பிய கார்ட்ரிட்ஜை ஏற்பதே இல்லை. வாங்கும் முன்பே விசாரித்துக் கொள்ளுங்கள்.

இப்படி ஒன்றரை வருஷம் நன்றாகவே ஓடியது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பக்கத்துக்கு மூன்று ரூபாய் என்று போட்டுக் கொடுத்தேன். பால் கணக்குக்கு ஆயிற்று. "பரவாயில்லையே, சம்பாதிக்க ஆரம்பிச்சுட்டே" என்று மாமியார்கூடச் சொன்னார்.

2022 ஜூலையில் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணி இருக்கும். பின் தெருவில் பீடி சுற்றும் அக்கா, பிளஸ் டூ முடித்த மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். விடிந்தால் கல்லூரியில் சேர்க்கை. விண்ணப்பமும் தற்காலிக மதிப்பெண் சான்றிதழும் பிரிண்ட் வேண்டும். அன்று காலையில்தான் கறுப்பு கார்ட்ரிட்ஜிலும் முதல் தடவையாக அந்த செட்டில் இருந்த கறுப்பு மையை நிரப்பியிருந்தேன். அதுவரை கறுப்பு மட்டும் கடையில் புதிதாக வாங்கிப் போட்டு வந்தேன். "இனி அந்தச் செலவும் மிச்சம்" என்று எனக்கு ஒரே பெருமை. எழுத்து பளிச்சென்று வந்தது. "இருக்கட்டும் அக்கா, காசு வேண்டாம்" என்று கொடுத்தனுப்பினேன்.

எங்கள் ஊரில் ஜூலை என்றால் சாரல். அந்தப் பிள்ளை நோட்டுக்குள் வைத்துத்தான் கொண்டு போயிருக்கிறாள். பஸ் இறங்கி நடந்ததில் நோட்டு ஓரம் நனைந்து, உள்ளே இருந்த தாளும் நனைந்துவிட்டது. மதிப்பெண்ணும் பதிவு எண்ணும் கரைந்து, தாள் முழுக்க ஊதாக் கறை. அலுவலகத்தில் பார்த்துவிட்டு, "இதில் என்ன இருக்குன்னு நாங்க சேர்க்கிறது? வேறே எடுத்துட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. கடை தேடி, வேறு பிரிண்ட் எடுத்துப் போவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. வந்த வரிசைப்படி இடம் கொடுத்ததில் அவள் ஆசைப்பட்ட பி.காம். நிரம்பிவிட்டது. பி.ஏ. வரலாறுதான் கிடைத்தது.

அந்த அக்கா சண்டை போடவில்லை. "விடு தங்கச்சி, நீ வேணும்னா செஞ்சே?" என்றார். ஒரு நாள் பீடிக்கூலியும் அவருக்குப் போயிற்று. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்தப் பெண் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

எங்கே தப்பு நடந்தது என்று கடைக்காரத் தம்பியிடம் கேட்ட பிறகுதான் விளங்கியது. மையில் இரண்டு வகை. ஒன்று சாய மை. தண்ணீரில் சர்க்கரை கரைவது போலச் சாயம் கரைந்து இருக்கும். தாள் நனைந்தால் திரும்பவும் கரைந்து ஓடும். இன்னொன்று பிக்மென்ட் மை. இதில் நிறம் கரைந்திருக்காது, தண்ணீரில் மஞ்சள்தூள் மிதப்பது போல மிக நுண்ணிய தூளாக இருக்கும். காய்ந்ததும் தாளில் பிடித்துக்கொள்ளும், எளிதில் கரையாது. என் பிரிண்டரில் கலருக்குச் சாய மை, கறுப்புக்கு பிக்மென்ட் மை என்றுதான் கம்பெனியில் இருந்தே வருகிறது. நான் செட்டில் வாங்கிய நான்கு பாட்டிலுமே சாய மை. பாட்டிலில் "டை" என்று பொடி எழுத்தில் போட்டுத்தான் இருந்தது. நான் படிக்கவில்லை. காய்ந்த தாளில் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது என்பதுதான் இதில் ஆபத்து.

அதன் பிறகு கறுப்புக்கு பிக்மென்ட் மை தனியாகவும், அதற்கென்று ஒரு புது கார்ட்ரிட்ஜும் வாங்கினேன். இரண்டு வகை மையும் கலந்தால் கட்டிதட்டி துவாரம் அடைத்துவிடும் என்பதால் பழையதைத் தூக்கிப் போட்டேன். மை மாற்றும்போதெல்லாம் ஒரு சோதனையும் செய்கிறேன். நாலு வரி பிரிண்ட் போட்டு, அரை மணி காயவிட்டு, விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துத் துடைத்துப் பார்க்கிறேன். எழுத்து கலைந்தால் அந்த மை பள்ளிப் பாடத்துக்கும் கோலப் படத்துக்கும் மட்டும்தான்.

சான்றிதழ், விண்ணப்பம், மனு, பத்திர நகல் என்று யார் வந்தாலும், "இதை லேசர் பிரிண்டர் இருக்கும் கடையில் எடுத்துக்கோங்க" என்று அனுப்பிவிடுகிறேன். லேசரில் மையே கிடையாது. பொடியைச் சூட்டில் உருக்கித் தாளில் ஒட்டுகிறார்கள், தண்ணீர் பட்டாலும் எழுத்து கரையாது. மூன்று ரூபாய் எனக்கு வராவிட்டால் போகட்டும்.

கடைசியாகச் சில வார்த்தை. மை பாட்டிலையும் ஊசியையும் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். வாரம் ஒரு கலர் பக்கமாவது போடுங்கள், இல்லாவிட்டால் துவாரம் காய்ந்துவிடும். கையில் பட்ட கறை இரண்டு மூன்று நாளில் தானே போகும். ஒரே கார்ட்ரிட்ஜை ஆயுசுக்கும் ஓட்ட முடியாது. சில தடவை நிரப்பியதும் கோடு கோடாக வர ஆரம்பித்தால் மாற்றிவிடுங்கள். அடிக்கடி பிரிண்ட் போடுகிறவர்கள் புதிதாக வாங்குவதானால், பாட்டிலில் இருந்து நேரே ஊற்றும் இங்க் டேங்க் பிரிண்டராகப் பாருங்கள், ஊசி வேலையே இல்லை.

அந்தப் பெண் 2025ல் பி.ஏ. முடித்துவிட்டாள். இப்போதும் என் வீட்டுக்கு வருவாள். "அத்தை, மழை வருது, கவர் இருக்கா?" என்று கேட்டுச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ஆனாலும் மனசுக்குள் சுருக்கென்றுதான் இருக்கும்.

சிக்கனம் நல்லதுதான் சகோதரிகளே. நம் வீட்டுத் தாளில் செய்கிற வரை தப்பினால் நமக்குத்தான் நஷ்டம். அடுத்தவர் தாளில் கை வைக்கும்போது, மிச்சம் நமக்கும் நஷ்டம் அவர்களுக்கும் போய்விடக்கூடாது. பாட்டில் மேல் எழுதியிருப்பதை ஒரு தடவை படித்துவிட்டு ஊசியை எடுங்கள்.

— ஒரு வாசகி, தென்காசி